எங்கள் தெருவின் ஆமீன்

வாழையிலைத் துண்டில் மடித்த ஒரு பிடி சர்க்கரை. அதை என் கையில் வைத்துவிட்டு, தெருவின் இரண்டு பக்கமும் ஒருமுறை பார்த்துக்கொண்டார் மோதினார். பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்கிறவர் அவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் அப்போதுதான் கலைந்திருந்தார்கள். நான் வாசலில் மீன் அலசிக்கொண்டிருந்தேன். புறங்கையால் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு வாங்கினேன்.

"இன்னாத்துக்கு சக்கரை?"

"சந்தோசத்துக்குத்தான். தின்னும்மே, கேள்வி கேட்டுகினு."

தின்றேன். பாதியை மாமியாருக்குக் கொடுத்தேன். மாமியும் யார் வீட்டு விசேஷம் என்று கேட்டுக்கொண்டே வாயில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் குழாயடியில் பெண்கள் கூடிப் பேசியபோதுதான் விஷயம் தெரிந்தது. பஸராவுக்கு மேலே, ஆற்றங்கரையில் ஏதோ ஒரு ஊரில், துருக்கிக்காரன் இங்கிலீஷ் பட்டாளத்தை வளைத்துப் பிடித்துவிட்டானாம். மாதக்கணக்கில் சோறு தண்ணீர் போகவிடாமல் பட்டினி போட்டு, கடைசியில் எல்லோரையும் கைதியாக இழுத்துக்கொண்டு போய்விட்டானாம். "நம்ப துவா கபூலாயிடுச்சின்னு முத்தவல்லி சக்கரை குடுக்கச் சொன்னாராம்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எங்கள் பிரார்த்தனை ஏற்கப்பட்டுவிட்டது என்று பள்ளிவாசல் தலைவர் சொன்னதாக அர்த்தம்.

அந்த ஆற்றங்கரை ஊரில்தான் என் கணவர் இருந்தார். அவருடைய கடைசிக் கடிதம் அங்கிருந்துதான் வந்தது.

குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அதை எடுக்கவேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

பேரீச்சம்பழம் வருகிற ஊர்

என் கணவர் மஸ்தான் சிப்பாய் இல்லை. துறைமுகத்தில் விஞ்சு ஓட்டுகிறவர். கப்பலின் வயிற்றிலிருந்து மூட்டைகளைச் சங்கிலியில் தூக்கி மேலே கொண்டுவரும் யந்திரம் அது. சாயங்காலம் வீடு திரும்பும்போது உடம்பு முழுக்க கிரீஸ் வாசனை அடிக்கும். எங்கள் ராயபுரம் தெருவில் பாதி ஆண்கள் மேல் அந்த வாசனைதான். மீதிப் பேர் மேல் கருவாடு.

யுத்தம் தொடங்கிய பிறகு, ஆற்றுக் கப்பல்களில் சரக்கு ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்று துறைமுகத்தில் தண்டோரா போடாத குறையாகக் கூப்பிட்டார்கள். எங்கள் தெருவிலிருந்து நாலைந்து பேர் கிளம்பினார்கள். என் கணவரும் அவருடைய சிநேகிதர் நாகூரானும் ஒரே நாளில் பேர் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

"எங்க மச்சான் போறீங்க?" என்று கேட்டேன்.

"பஸரா. நம்மூருக்குப் பேரிச்சம்பயம் வருதில்ல, அந்த ஊரு."

"அங்க சண்டை நடக்குதாமே?"

"சண்டை சோல்ஜருக்கு. நமக்கு மூட்டை. மூட்டைய யாராவது சுடுவானா?"

நாங்கள் செய்த பெரிய தப்பு இதற்குப் பிறகுதான். அவர் யுத்தத்துக்குப் போகிறார் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பஸராவிலிருந்து ஆற்றோடு மேலே போனால் பாக்தாது. பாக்தாதில் அடங்கியிருக்கும் இறைநேசரின் பெயரைச் சொல்லாமல் எங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்குப் பேர் வைத்ததில்லை, ஒரு காய்ச்சல் இறங்கியதில்லை. அந்த மண்ணையே மிதிக்கப் போகிறான் என்று மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. ஹஜ்ஜுக்குப் போகிறவரை வழியனுப்புவது போலக் கழுத்தில் மாலை போட்டு, நெய்ச்சோறு ஆக்கி, தெருக்கோடி வரை பைத்து என்னும் புகழ்ப்பாட்டு ஓதி அனுப்பிவைத்தோம். "எனுக்கும் சேத்து சலாம் சொல்லுடா" என்று ஆளாளுக்கு அவர் கையைப் பிடித்துச் சொன்னார்கள்.

போகிற ஊர் துருக்கி சுல்தானுடையது, ஏறுகிற கப்பல் அந்த சுல்தானோடு சண்டை போடுகிறவனுடையது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் மூளை ஓடவில்லை. இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

மிம்பரில் ஒரு ராஜா

முஸ்லிம் அல்லாத வாசகர்களுக்காக ஒரு விஷயம் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத், மிம்பர் என்ற மேடையில் ஏறிக் குத்பா என்னும் பிரசங்கம் ஓதுவார். அந்தக் காலத்தில் முழுக்க அரபிதான். முடிவில் கையேந்தித் துவா கேட்பார். அவர் நிறுத்தும் இடத்திலெல்லாம் கூட்டம் 'ஆமீன்' சொல்லும். அப்படியே ஆகட்டும் என்று பொருள். எது ஆகட்டும் என்று யாருக்கும் தெரியாது.

பெண்கள் உள்ளே போகமாட்டோம். எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரும் பள்ளிவாசல் சுவரும் ஒன்று. நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று எல்லா ஆமீனும் சொல்வேன். மச்சான் போன பிறகு கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அந்தத் துவாவில் கலீபாவின் பெயர் வரும். துருக்கி சுல்தான்தான் கலீபா, உலகத்து முஸ்லிம்களுக்கெல்லாம் தலைவர். ராயபுரத்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். எங்கள் பாட்டனார் காலத்தில் இஸ்தான்புல்லில் கலீபா மாறினால், ஜித்தாவிலிருந்து ஹாஜிகளின் கப்பல் வந்து சொன்ன பிறகுதான் இங்கே பெயர் மாறுமாம். அதுவரைக்கும் மௌத்தாகி மண்ணுக்குப் போனவருக்கு நீண்ட ஆயுள் கேட்டுக்கொண்டிருப்பார்களாம். என்னைப் பெற்ற அத்தா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

யுத்தத்தில் துருக்கி ஜெர்மன்காரன் பக்கம் சாய்ந்தது. உடனே சர்க்கார், உங்கள் புண்ணிய ஸ்தலங்களுக்கு ஒரு கேடும் வராது என்று பள்ளிவாசல் கதவில் நோட்டீஸ் ஒட்டியது. படித்துவிட்டு ஆண்கள் நிம்மதியாகப் பீடி பற்றவைத்தார்கள்.

இதெல்லாம் ஏன் நடந்தது என்று பிற்பாடு என் தம்பி மகன் காலேஜில் படிக்கும்போது ஒரு தடிமனான சரித்திரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எனக்கு விளக்கினான். ஒருவனை அடித்தால் இன்னொருவன் துணைக்கு வருவான் என்று ஐரோப்பாவில் ராஜாக்கள் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்களாம். சண்டை பாதியில் இருக்கும்போதே இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் துருக்கியின் தேசத்தைப் படத்தில் கோடு போட்டு, யாருக்கும் தெரியாமல் பாகம் பிரித்துக்கொண்டார்களாம். "இதுக்குப் பேருதான் ராஜதந்திரம் அத்தை" என்றான். அண்ணனுக்குத் தெரியாமல் தம்பி மனையைப் பிரித்து விற்றால் எங்கள் தெருவில் அதற்கு வேறு பேர் உண்டு. பத்திரிகையில் எழுதமுடியாது.

செவ்வாய்க்கிழமைச் சோறு

சர்க்கரைக்கு வருகிறேன்.

அதைத் தின்ற பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமியார் மாலையெல்லாம் வாயில் விரலை விட்டு வாந்தியெடுக்கப் பார்த்தார். "எம்புள்ளய பட்டினி போட்டதுக்கு நான் சக்கரை துன்னேனே" என்று அரற்றினார். அவரை நான் எப்படித் தேற்றுவேன்? நானும் தின்றவள்தானே.

எங்கள் ஹஜ்ரத் தெற்கே கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து வந்தவர். அதிகம் பேசமாட்டார். தெருவில் வீட்டுக்கு ஒரு நாள் முறை வைத்து அவருக்குச் சாப்பாடு அனுப்புவோம். எங்கள் முறை செவ்வாய்க்கிழமை. வழக்கமாக மோதினார் வந்து சட்டியை வாங்கிப்போவார். அந்த வாரம் அவர் வருவதற்கு முன்பே முக்காட்டைப் போட்டுக்கொண்டு நானே எடுத்துப் போனேன். பள்ளிவாசலை ஒட்டிய அவருடைய அறை வாசலில் சட்டியை வைத்துவிட்டு, கதவுக்கு மறைவாக நின்றேன்.

"ஹஜ்ரத், வெள்ளிக்கியமை கையேந்திக் கேக்கறீங்களே, அது இன்னா?"

"துவா, தாயே."

"தெரியும். அதுல இன்னா கேக்கறீங்கோ?"

அவர் சொல்லிக்கொண்டே வந்தார். எல்லோருடைய பாவத்துக்கும் மன்னிப்பு. மழை. நோயாளிகளுக்குச் சுகம். கலீபாவுக்கு நீண்ட ஆயுள், அவருடைய படைக்கு வெற்றி. பிறகு குரல் இறங்கியது. "அவருடைய எதிரிகளை நாசமாக்குவாயாக என்றும் வரும்."

"எங்க வூட்டுக்காரரு ஏறிப்போன கப்பல் யாருது ஹஜ்ரத்?"

அவர் வாசற்படியிலிருந்து ஓரடி பின்னால் போனார்.

"அந்த நாசத்துல அவரும் கீறாரா, இல்லியா? அதைமட்டும் சொல்லுங்க."

"தாயே, இது முன்னோர் எழுதி வைத்தது. மஸ்தானை நினைத்து நான் ஓதவில்லை. யாரையும் நினைத்து ஓதவில்லை."

"நெனைக்காம ஓதினதுதான் பலிச்சிகீது."

அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. அழுதுகொண்டே வந்துவிட்டேன். மறுநாள் சட்டியை எடுக்கப் போனபோது சோறு வைத்தது வைத்தபடி இருந்தது.

ஒரு வரி குறைந்தது

அடுத்த வெள்ளிக்கிழமை ஹஜ்ரத் கலீபாவின் பெயரை ஓதினார், ஆயுள் கேட்டார். எதிரிகளின் நாசத்தைக் கேட்கவில்லை.

அரபி தெரியாத கூட்டம்தான். ஆனாலும் பிறந்ததிலிருந்து கேட்ட ராகம். ஒரு ஆமீன் குறைவது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தொழுகை முடிந்ததும் முத்தவல்லி உதுமான் சாயபு எழுந்து நின்றார். கயிற்று மண்டிக்காரர். பள்ளிவாசல் நிர்வாகம் அவர் கையில். என் காலம் முழுவதும் அவரைக் கரித்துக்கொட்டியிருக்கிறேன். ஆனால் கெட்டவர் என்று சொல்லமாட்டேன்.

"வெள்ளைக்காரன் எதுனா சொன்னானா ஹஜ்ரத்? போலீசு வந்துச்சா? யாருக்குப் பயந்து வுட்டீங்க?"

என் பேரைச் சொல்லியிருந்தால் ஹஜ்ரத் தப்பித்திருப்பார். சொல்லவில்லை. முத்தவல்லியின் குரல் ஏறிக்கொண்டே போனது. பணத்துக்கு விலைபோய்விட்டார் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். வேறு ஹஜ்ரத் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். ஒரு பெண் ஜமாஅத்தின் நடுவே வாய் திறப்பது எங்கள் தெரு கண்டிராத காரியம். மாமியார் என் முழங்கையைப் பிடித்தார். தடுக்கத்தான் பிடிக்கிறார் என்று நினைத்தேன். "கேளு" என்றார்.

"நான்தான் வுடச் சொன்னேன்" என்று கத்தினேன். "மஸ்தான் வூட்டுக்காரி. எங்க வூட்டு ஆம்பளையும் நாகூரானும் அந்த ஊர்லதான் மாட்டிகினு கீறாங்க. நீங்க நாசமாப் போன்னு கேட்டீங்க, அல்லாரும் ஆமீன் சொன்னீங்க, நானும் சொன்னேன். அப்பால சக்கரையும் குடுத்தீங்க."

முத்தவல்லி சுவரருகே வந்து பேசினார். குரலில் கோபம் போயிருந்தது.

"நாம மாலை போட்டு அனுப்பின புள்ளைங்கதாம்மா. அந்த ஊர்லதான் கீறாங்கன்னு சத்தியமா எனுக்குத் தெரியாது. ஆனா ஒண்ணு கேளு. உலகத்துல நமக்குன்னு மிஞ்சினவரு ஒரே ஒரு ராஜா. டில்லி பூட்ச்சி, எல்லா ஊரும் பூட்ச்சி. அவரும் போயிட்டாருன்னா நாம யாரும்மா? நம்மள எவன் மதிப்பான்?"

"ராஜாவை வெச்சிக்குங்க மாமா. நாசத்தை வுட்டுடுங்க. ராஜாவுக்கு ஆயிரம் பட்டாளம் கீது. எனுக்கு ஒருத்தருதான்."

தீர்மானம் எதுவும் ஆகவில்லை. ஹஜ்ரத் அந்த வரியை மறுபடி ஓதவுமில்லை. தெருவில் பாதி வீடுகள் அவருக்குச் சோறு அனுப்புவதை நிறுத்திவிட்டன. முறையென்று பேரே தவிர, பஸராவுக்கு ஆள் அனுப்பிய வீடுகள்தான் அவரை யுத்தம் முடியும்வரை காப்பாற்றின. எங்கள் வீட்டில் கஞ்சியாக இருந்த நாட்களில் அவருக்கும் கஞ்சி போனது. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

நாகூரான் திரும்பினார்

யுத்தம் முடிந்து வெகுநாள் கழித்து நாகூரான் வந்தார். தெருவில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. தலை நரைத்து, முன்பற்கள் போய், முதுகு வளைந்திருந்தது. துருக்கியின் மலைகளில் ரயில் பாதைக்காகப் பாறை உடைத்தாராம். வந்த அன்று தம் வீட்டுக்குப் போவதற்கு முன் எங்கள் வாசலுக்கு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"வளைச்சி வெச்சிருந்தப்போ குதிரையை வெட்டித் துன்னோம்" என்றார். "அப்பால கைதியா நடக்கவுட்டாங்க. மணலு. மரம் இல்ல, ஒண்ணும் இல்ல. மஸ்தானுக்கு வயித்துக்கடுப்பு. நான் தோள்ல போட்டுகினு கொஞ்சம் தூரம் வந்தேன். அப்பால அவனே எறக்குடான்ட்டான்."

மாமியார் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"காவலுக்கு வந்த சிப்பாய்ங்கள்ல ஒருத்தன், துருக்கிக்காரன், வயசானவன். மஸ்தான் கடைசி மூச்சுல கலிமா சொல்றத கேட்டுகினு வந்து பக்கத்துல குந்திகினான். உயிர் போனப்புறம் அவன்தான் குளிப்பாட்டினான். எங்க யாருக்கும் குடிக்கவே தண்ணி இல்ல. அவன் தோல்பையில கீறதுதான் அவனுக்கும். அத்தனையும் ஊத்திட்டான். தன்னோட மேல்துண்டைக் கிழிச்சி சுத்தினான். குழி தோண்டி, எங்களை வரிசையா நிறுத்தி, அவனே முன்னால நின்னு ஜனாசா தொழ வெச்சான். அப்பால நடங்கடான்னு துப்பாக்கிய எடுத்துகினான்."

"அவரு பேரு?" என்று கேட்டேன்.

"பேச்சு புரியாதேம்மா. கேக்கல."

கணவர் இறந்தால் பெண் குறிப்பிட்ட காலம் வீட்டோடு இத்தா இருக்கவேண்டும். நான் ஹஜ்ரத்திடம் ஆள் அனுப்பிக் கேட்டேன். மௌத்தான நாளிலிருந்து கணக்கு, ஆகையால் உன் இத்தா எப்போதோ முடிந்துவிட்டது, தாயே என்று சொல்லியனுப்பினார். அவ்வளவு காலம் வளையலும் பூவுமாக, சுவரோரம் நின்று ஆமீன் சொல்லிக்கொண்டு, நான் விதவையாகத்தான் இருந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். எனக்காக அழுதேனா அவருக்காகவா என்று பிரிக்கத் தெரியவில்லை.

அந்த வியாழக்கிழமை

பிறகு வந்தது கிலாபத் கிளர்ச்சிக் காலம். ஜெயித்தவர்கள் துருக்கியைக் கூறுபோடக் கூடாது என்று ராயபுரத்தில் கடையடைப்பு, ஊர்வலம். இந்துக்களும் தோள்கொடுத்தார்கள். முத்தவல்லிதான் எங்கள் தெருவுக்கு முன்னால் நடந்தார், வெயிலில் செருப்பில்லாமல். என் வாசலைத் தாண்டும்போது மட்டும் கோஷத்தை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போவார்.

இங்கிலீஷ்காரன் கலீபாவை ஒழித்துவிடுவான் என்றுதான் அத்தனை பேரும் பயந்தார்கள். கடைசியில் ஒழித்தது இங்கிலீஷ்காரன் இல்லை. துருக்கிக்காரர்களே இனிமேல் கலீபா வேண்டாம் என்று சட்டம் போட்டு, அவரை ரயிலேற்றி நாட்டைவிட்டு அனுப்பிவிட்டார்கள். செய்தி வந்த அன்று உதுமான் சாயபு கயிற்று மண்டியில் கட்டுகளின் மேல் விழுந்து அழுதார் என்று சொன்னார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவரை நினைக்கப் பாவமாக இருந்தது.

அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்கால அஸர் தொழுகைக்குப் பிறகு ஹஜ்ரத் எங்கள் வாசலுக்கு வந்தார். ஒரு நாளும் வந்ததில்லை. வெளியே நின்றுகொண்டே பேசினார்.

"தாயே, நாளைக்குக் குத்பா. அந்த இடத்தில் யார் பேரை ஓதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முத்தவல்லியைக் கேட்டேன். எதுவும் சொல்லாமல் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முன்பு நீதான் ஒருமுறை கேள்வி கேட்டாய். அதனால் உன்னிடம் வந்தேன்."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ராஜா இருந்தபோது என் புருஷன் பேருக்கு இடமில்லை, இப்போது இடம் காலியானதும் என்னைக் கேட்க வந்துவிட்டாரா என்று நாக்கு நுனி வரை வந்தது. அவருடைய கிழிசல் ஜிப்பாவைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

"அந்தத் துருக்கிக்காரருக்குக் கேளுங்க ஹஜ்ரத்."

"கலீபாவுக்கா?"

"கலீபா இல்ல. எங்க வூட்டுக்காரரைக் குளிப்பாட்டினாரே, அவருக்கு."

"அவர் பேர் தெரியாதே, தாயே."

"நமக்குத்தான் தெரியாது."

அவர் சலாம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் நானும் மாமியும் சுவரோரம் நின்றோம். நாகூரானும் முத்தவல்லியும் உள்ளே இருந்தார்கள். முத்தவல்லியை இரண்டு பேர் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தார்கள். அரபியில் எல்லாம் வழக்கம்போல் போயிற்று. மன்னிப்பு, மழை, சுகம். அந்த இடம் வந்ததும் ஹஜ்ரத் அரபியை நிறுத்தினார். பிறகு தமிழில் கேட்டார். அந்த மேடையிலிருந்து அதுவரை தமிழ் ஒலித்ததில்லை.

"யா அல்லாஹ், எங்கள் தெரு மஸ்தானை மணலில் குளிப்பாட்டி அடக்கம் செய்த அந்தத் துருக்கிச் சிப்பாய் உயிரோடு இருந்தால், அவரை அவர் வீட்டாரோடு வைப்பாயாக. இறந்திருந்தால், அவரைக் குளிப்பாட்டவும் யாராவது தங்கள் தண்ணீரைக் கொடுத்திருக்கட்டும்."

என்ன கேட்கிறார் என்று எங்கள் தெருவுக்குப் புரிந்த முதல் துவா அது. முதலில் முத்தவல்லியின் உடைந்த குரல் தனியாக ஆமீன் என்றது. அதற்குப் பிறகுதான் தெரு மொத்தமும் சொன்னது.

மாமியார் எனக்கு முன்பே சொல்லி முடித்திருந்தார்.